மாமா பதில்கள்: ஹெல்மெட் போட்ட பறவை

கே: ஹெல்மெட் போட்ட பறவை இருக்கிறதாமே?
*(பைக் பிரியன், மதுரை)*

ப: இருக்கிறது. ஹெல்மெட் இருவாச்சி. போர்னியோ, சுமத்ரா, மலாய் தீபகற்பத்து மழைக்காடுகளில் வாசம். போலீஸ்காரரைக் கண்டதும் அவசரமாக மாட்டுகிற பழக்கம் அதற்கு இல்லை.

கே: எங்கள் ஊர் இருவாச்சிக்கும் மண்டையில் கொண்டை உண்டே?
*(காட்டுவாசி, வால்பாறை)*

ப: உண்டு, ஆனால் உள்ளே பொள்ளல். கொண்டை கெட்டியாக இருப்பது இந்த ஒரு இனத்துக்குத்தான். மூன்று கிலோ உடம்பில் மண்டையும் அலகும் சேர்ந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இங்கே சிலருக்கு உள்ளே காலியாக இருந்தும் தலைக்கனம்!

கே: அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?
*(சந்தேகப் பிராணி, சேலம்)*

ப: நடுவானில் ஆணும் ஆணும் மோதிக்கொள்ளும், பெரும்பாலும் பழுத்த அத்திமரத்தின் பக்கத்தில். முதல் பந்திக்கு முட்டிக்கொள்வது நாம் கண்டுபிடித்த கலை என்று நினைத்தீரா?

கே: அடைகாக்கும் காலத்தில் பெண் பறவையை மரப்பொந்துக்குள் அடைத்து வைப்பது அநியாயம் இல்லையா?
*(புதுமைப்பெண், கோவை)*

ப: வாசலைப் பூசி அடைத்துக்கொள்வதே அம்மணிதான். சுமார் ஐந்து மாதம், ஒரு கீற்று இடைவெளி வழியாக வேளாவேளைக்குப் பழம் ஊட்டுகிறார் ஐயா. அடிமை யார் என்று மறுபடி யோசியுங்கள்.

கே: ஐயா திரும்பி வராவிட்டால்?
*(அதே புதுமைப்பெண்)*

ப: உள்ளே தாயும் ஒற்றைக் குஞ்சும் பட்டினி. ஒரு தோட்டா, ஒரு குடும்பம்.

கே: அதன் குரல் எப்படி?
*(ஒரு மாமியார், மன்னார்குடி)*

ப: கேட்காமலே இருந்திருக்கலாம். கோடாலி வெட்டுப்போல் விட்டு விட்டு ஆரம்பித்து, வேகம் பிடித்து, பேய்ச்சிரிப்பில் முடியும். மலாய்க்காரர்கள் வைத்த பெயர் 'தெபாங் மெந்துவா': மாமியாரை வெட்டிச் சாய்! மாமியார் வீட்டுத் தூண்களை வெட்டிச் சாய்த்த மருமகன்தான் இந்தப் பறவையானான் என்பது கதை. நீங்கள் தூண் வைத்த வீட்டில் குடியிருக்க வேண்டாம்.

கே: ஏன் வேட்டையாடுகிறார்கள்?
*(அப்பாவி, அரியலூர்)*

ப: கெட்டிக் கொண்டையைத் தந்தம்போல் செதுக்கலாம், மிங் காலத்திலிருந்தே சீனத்தில் கிராக்கி. வாலடிச் சுரப்பியின் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துப் பறவையே அதற்குச் சிவப்பு ஏற்றியும் தருகிறது. 2013-இல் இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் மட்டும் சுமார் 6,000 பறவைகள் பலியானதாக மதிப்பீடு. மண்டையைக் காக்க வந்ததே மண்டைக்கு விலை பேசிவிட்டது.

கே: சட்டம் தூங்குகிறதா?
*(வழக்கறிஞர், வேலூர்)*

ப: 1975 முதலே பன்னாட்டு வணிகத்துக்குத் தடை. 2015-இல் 'மிக அருகிவிட்ட இனம்' என்ற முத்திரையும் விழுந்தது. அதே மேற்குக் கலிமந்தானுக்கு இதுதான் மாகாணச் சின்னம். சின்னம் சின்னாபின்னம்!

கே: நல்ல சேதியே கிடையாதா?
*(நம்பிக்கை, நாகை)*

ப: உண்டு. தாய்லாந்தின் பூடோ மலையில், இருவாச்சிக் குஞ்சுகளைத் திருடியவர்களையே கூட்டுக்குக் காவல் வைத்தார் பிலாய் பூன்ஸ்வாத் என்ற பெண் விஞ்ஞானி. எந்த மரத்தில் பொந்து என்று திருடனைவிடத் தெரிந்தவர் யார்?

கே: காடே போனால்?
*(கவலை, கடலூர்)*

ப: மாமியார் வீட்டை வெட்டியவன் பறவையானான். பறவையின் வீட்டை வெட்டுகிறவன் என்ன ஆவான் என்று கதை சொன்ன கிழவி சொல்லாமலே போய்விட்டாள்.