ஒரு கணையம், மூன்று கணக்கு

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கணையத்தை முழுசாக எடுத்து, சர்க்கரை நோயாளியின் வயிற்றைத் திறந்து வைத்துத் தைத்தால் அமெரிக்கச் சட்டப்படி அது உறுப்பு. அதே கணையத்தை நொதி விட்டுக் கரைத்து, இன்சுலின் சுரக்கும் திட்டுகளை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் விட்டால் அது மருந்து! கத்தி குறைந்தது, காகிதம் கூடியது. மருந்தென்றால் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் உரிமம் வேண்டாமா? மருந்துத் தொழிற்சாலைக்குரிய அத்தனை சடங்கும் வேண்டாமா? செத்தவர் கணையம் பாவம், பாரசிட்டமால் மாதிரி அச்சுக்கு அச்சு ஒன்றுபோல் வந்து தொலைவதில்லை.

ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை விழுங்க வேண்டுமே, கவனம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். முழுக் கணையம் வைத்தாலும் அதே மாத்திரைதான் ஐயா, அங்கே மட்டும் யாரும் உரிமம் கேட்பதில்லை.

கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாபிரோ குழு ஏழு பேருக்குத் திட்டுகளைச் செலுத்தி, 2000-இல் முடிவை வெளியிட்டது. ஏழு பேரும் இன்சுலின் ஊசியைக் கைவிட்டார்கள். இப்படிச் செய்துகொண்டவர்களில் பலருக்குச் சில வருஷங்களில் ஊசி திரும்பி வந்தது. ஆனாலும் சர்க்கரை திடீரென்று இறங்கி நினைவு தப்பும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. பிரிட்டன் 2008 முதல் அரசு செலவில் செய்கிறது. அமெரிக்கா 2023 ஜூனில்தான் 'லான்டிட்ரா' என்ற பெயரில் உரிமம் கொடுத்தது, அதுவும் ஒரே கம்பெனிக்கு. சோதனையில் 30 பேருக்குச் செலுத்தி, 21 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ ஊசியில்லாமல் இருந்தார்கள். அதற்குள், இந்தச் சிகிச்சை அமெரிக்காவில் செத்துக்கொண்டிருக்கிறது என்று அந்நாட்டு மருத்துவர்களே 2021-இல் எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது கணக்குதான் உச்சம். திட்டு மாற்று சிகிச்சையை வளர்க்கவென்று 2004-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 2020-இல் வந்த விதி, திட்டு ஆராய்ச்சிக்கென்று எடுத்த கணையத்தையும் உறுப்பு சேகரிக்கும் அமைப்புகளின் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. மதிப்பெண் குறைந்தால் அந்த அமைப்புக்கு அங்கீகாரம் போகும். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆராய்ச்சிக் கணையங்கள் திடீரென்று பல மடங்கு பெருகின. நாடாளுமன்றக் குழுக்களே கூப்பிட்டு விசாரிக்கும் அளவுக்குப் பெருகின. நோயாளிக்குப் போனால் ஆயிரம் கேள்வி. குளிர்பெட்டிக்குப் போனால் ஒரு மதிப்பெண்!

இரவு இரண்டு மணிக்கு ஒருத்தியின் கையில் ஒட்டிய சென்சார் அலறுகிறது. சர்க்கரை 45. வியர்வையில் நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், நடுங்கும் கையால் ஆரஞ்சுச் சாறு மூடியைத் திறக்கப் பார்க்கிறாள். அவளுக்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் இல்லை.

கனவான்களே, அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு கட்டம் போடுங்கள்: இந்தக் கணையம் யார் உடம்புக்குப் போனது? பதில் எழுத ஆளில்லை என்றால் பூஜ்யம் போடுங்கள்.