கொல்லையில் போர், சுவரில் ஏசி

ஹாமர், நார்வே

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முட்டிவலி தேவலையா?

கரண்ட் பில் எவ்வளவு வருகிறது என்று போனில் கேட்டீர்கள். பெரியம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இலவச நூறு யூனிட்டைத் தாண்டக் கூடாதென்று மாடிப்படி விளக்கைக்கூட அணைக்கிறவர் நீங்கள். இங்கே ஒரு குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 16,000 யூனிட் எரிக்கிறது. அதில் பாதிக்கு மேல் விறைத்துப் போகாமல் இருப்பதற்கு மட்டும்.

நாங்கள் வாங்கிய மரவீட்டில் முன்பு எண்ணெய் எரித்துத்தான் சூடேற்றினார்களாம். 2020 ஜனவரி முதல் அதற்குச் சட்டப்படி தடை. பழைய உரிமையாளர் சுவருக்குச் சுவர் கரண்ட் ஹீட்டர் மாட்டி, வீட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார். ஹீட்டர் வாங்க மலிவு, ஓட்டத்தான் சொத்து வேண்டும். ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு. அதற்கு மேல் பைசா தேறாது.

மாற்று வழி சொல்ல வந்த முதல் ஆள், கொல்லையில் போர் போடச் சொன்னார். தண்ணீருக்கு இல்லை பெரியப்பா, சூட்டுக்கு! பாறைக்குள் இருநூறு மீட்டர் வரை குழாய் இறக்கி, பூமிக்குள் இருக்கும் வெதுவெதுப்பை உறிஞ்சுவார்களாம். செலவு இரண்டு லட்சம் குரோனருக்குக் குறையாது. நம் பணத்தில் பதினேழு பதினெட்டு லட்சம். நம் தோட்டத்தில் அறுநூறு அடி போட்டும் புழுதி மட்டும் பறந்ததே, அந்த ராசியை நார்வே வரை இழுத்துவர வேண்டாமென்று காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

கடைசியில் ஊரெல்லாம் வைத்திருக்கும் ஹீட் பம்பையே வாங்கினோம். பார்த்தால் உங்கள் ஹாலில் தொங்கும் ஸ்பிளிட் ஏசிதான். இங்கே தலைகீழாக ஓட்டுகிறார்கள்: வெளிப்பெட்டி தெருவுக்குக் குளிரை ஊதும், உள்பெட்டி நமக்குச் சூட்டை ஊதும். மைனஸ் பதினைந்தில் வெளியே ஏது சூடு என்றுதானே கேட்பீர்கள்? அதற்குள் ஓடும் ஆர்-32 வாயு, சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மைனஸ் பதினைந்து நம் சித்திரை வெயில் மாதிரி. குளிர் லேசாக இருந்தால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு கிடைக்கும். மைனஸ் இருபதை நெருங்கினால் இரண்டுக்கு இறங்கிவிடும். அப்போதும் ஹீட்டரைவிட லாபம்தான். மாட்டும் கூலியோடு சுமார் முப்பதாயிரம் குரோனர் ஆனது.

ஒரு தொல்லை உண்டு. வெளிப்பெட்டியில் உறைபனி படிந்தால், சூடு ஊதுவதை நிறுத்திவிட்டுத் தன் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும். உருகிய தண்ணீர் கீழே சொட்டி மறுபடி உறைந்து, சுவரோரம் அசல் பனிலிங்கமாக எழும்பி நிற்கிறது. காலையில் அதைக் கடப்பாரையால் இடிப்பது என் வேலை. பெரியம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கரண்ட் போனால் பம்பும் போய்விடும் அல்லவா? அதற்கு விறகடுப்பு. பிர்ச் மரத்தை முந்தைய வசந்தத்திலேயே பிளந்து, கோடை முழுக்கக் காயவைக்க வேண்டும். ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் புகைதான் மிச்சம். இந்த ஜனங்களுக்கு விறகு மேல் இருக்கும் பக்தியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 2013 பிப்ரவரியில் இந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றிப் பன்னிரண்டு மணி நேரம் ஒளிபரப்பியது. அதில் எட்டு மணி நேரம் அடுப்பு எரிவதை மட்டும் காட்டினார்கள். அதையும் பார்த்துவிட்டு, பட்டை மேலே இருக்கும்படி அடுக்கியது தப்பு என்று பாதிப்பேரும், கீழே இருக்கும்படி அடுக்கியது தப்பு என்று மீதிப்பேரும் புகார் அனுப்பினார்களாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி மேல்பட்டைக் கட்சி. அவர் வரும்போது நாங்களும் அதே கட்சி.

2025 அக்டோபரிலிருந்து அரசே யூனிட்டுக்கு வரி உட்பட அரை குரோனர் என்று நிலையான விலை தருகிறது, நம் கணக்கில் நாலைந்து ரூபாய். கம்பி வாடகை தனி. ஆகவே தினப்படிக்குப் பம்ப், கடுங்குளிருக்கு விறகு, படுக்கையறைக்குக் கனத்த ரஜாய் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பெரியம்மாவை அழைத்துக்கொண்டு ஜூனில் வாருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். டிக்கெட்டை இப்போதே போட்டால் மலிவு.

உங்கள் அன்பு மகன்