காதலுக்கு முன் வீடு: ஒரு காதல் படம் குறித்துச் செட்டிநாட்டில் நிலவும் கருத்து வேறுபாடுகள் பற்றிய ஆய்வு

காதல் நகைச்சுவை எனப்படும் திரைப்பட வகைக்கு, இருவர் ஒருவரையொருவர் விரும்புதல், அவ்விருப்பத்துக்கு அவர்களுடைய அறியாமையோ பிறருடைய அறிவோ தடையாதல், இறுதியில் எல்லாம் கூடித் திருமணத்தில் முடிதல் என்னும் மூன்று உறுப்புகள் உண்டு என்பர். இவ்விலக்கணம் திருச்சியிலும் மதுரையிலும் செல்லுபடியாகலாம். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் காரைக்குடி வட்டாரத்தில் செல்லுபடியாவதில்லை என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கமாகும். அங்கு நான்காவதாக ஓர் உறுப்பு இருக்கிறது, அது வீடு, ஏனைய மூன்றையும் அது எளிதில் விழுங்கிவிடுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட படம், ராஜீவ் மேனன் இயக்கி 2000-ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆகும். ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ என்னும் ஆங்கில நாவலைத் தழுவிய இக்கதை, காரைக்குடிப் பக்கத்துப் பூங்குடி என்னும் கற்பனைச் சிற்றூரில் ஒரு பெரிய வீட்டில் தொடங்குகிறது. மூத்தவள் சௌம்யாவாகத் தபுவும் இளையவள் மீனாட்சியாக ஐஸ்வர்யா ராயும், அவர்களுடைய தாய் பத்மாவாக ஸ்ரீவித்யாவும் நடிக்க, மம்மூட்டி, அஜித், அப்பாஸ் ஆகிய மூவர் காதலர் தரப்பில் நிற்கின்றனர். இதை நகைச்சுவைப் படம் என்று கொள்ளலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே. திருமணத்தில் முடிவதெல்லாம் நகைச்சுவை என்ற மேலைநாட்டு மரபின்படி கொள்ளலாம்; ஆனால் பாதிக் கதையில் ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெளியேறும் படத்தை நகைச்சுவை என்று சொல்வதற்குச் செட்டிநாட்டில் ஒருவரும் முன்வர மாட்டார். கருத்து வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

காரைக்குடி திரைப்படத்துக்குப் புதியதன்று என்பதை இடையில் குறிப்பிட வேண்டும். காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பன், ‘சபாபதி’ என்னும் நகைச்சுவைப் படத்தை 1941-இல் ஏ. டி. கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து இயக்கிய பிறகு, போர்க்காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் தம் படப்பிடிப்பு நிலையத்தைச் சொந்த ஊரிலேயே நடத்தினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கு உருவானதே. பின்னர் நிலையம் கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது: படப்பிடிப்பு நிலையம் ஊருக்குள் இருந்த காலத்தில் பலகையாலும் துணியாலும் செய்த வீடுகளைப் படம் பிடித்தார்கள், நிலையம் போன பிறகுதான் சென்னையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து உண்மையான வீடுகளைப் படம் பிடிக்கலானார்கள்.

செட்டிநாட்டுப் பார்வையாளரை இரு கட்சியாராகப் பிரிக்கலாம். முதலாமவர் பாட்டுக் கட்சியார்; கதை மாந்தரின் முகத்தைப் பார்ப்பவர்கள், ஏ. ஆர். ரஹ்மானின் இசைக்காகப் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள், பெரும்பாலும் இளையோர். இரண்டாமவர் வீட்டுக் கட்சியார். முகத்துக்குப் பின்னால் நிற்கும் தூணைப் பார்ப்பவர்கள். முன்னவர் கண்ணீர் விடும் காட்சியில் பின்னவர் தரையிலுள்ள பூக்கல் ஆத்தங்குடியில் வார்த்ததா, கப்பலில் வந்ததா என்று ஆராய்ந்துகொண்டிருப்பர். தெருவை நோக்கிய முகப்பு, அதையடுத்துத் தூண்கள் சூழ நடுவில் வானம் பார்க்கும் வளவு, பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னே அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் இவ்வீடுகளின் வரிசைமுறை அவர்களுக்கு மனப்பாடம். ஆகவே ஒரு வீட்டு முகப்பில் நுழையும் நாயகி வேறொரு வீட்டு வளவில் வெளிப்பட்டால், படத்தொகுப்பாளர் எவ்வளவு திறமையாக ஒட்டியிருந்தாலும், “இது நம்ம ஆயா வீட்டு நிலை மாதிரியில்ல இருக்கு?” என்ற முணுமுணுப்பு எழுந்துவிடும். நிலை என்பது கதவைத் தாங்கும் மரச்சட்டம். பர்மாத் தேக்கில் செதுக்கப்பட்ட அச்சட்டத்தைப் பேரனின் முகத்தைவிட விரைவில் அடையாளம் காணும் ஆச்சிமார் இன்றும் இருக்கின்றனர்.

இரு கட்சியாரும் மோதும் இடம் பெட்டிக் காட்சி. நோயுற்றுப் பேச இயலாமல் கிடக்கும் பாட்டனார் இறந்தபின் பெட்டி திறக்கப்படுகிறது. மகள் பத்மா தம் விருப்பப்படி மணம் செய்துகொண்ட கோபத்தில் அவர் முன்பே எழுதிவைத்த உயில் வெளிப்பட்டு, வீடு மகனுக்குப் போகிறது. பாட்டுக் கட்சியார் இதைக் கொடுமை என்கின்றனர். வீட்டுக் கட்சியாரோ கொடுமையா இல்லையா என்ற கேள்விக்கே வருவதில்லை. ஒரே ஆள் எழுதிவைத்து ஒரே ஆளுக்குப் போகும் வீடு செட்டிநாட்டில் எங்கே இருக்கிறது என்பது அவர்களுடைய தடை. பெரிய வீடென்றால் பல புள்ளிகளுக்குப் பொது. புள்ளி என்பது செட்டிநாட்டு வணிகக் குலத்தாரான நகரத்தார் வழக்கில் மணமான ஓர் ஆணைத் தலைவனாகக் கொண்ட குடும்ப அலகு. கோயில் வரி முதல் வீட்டுப் பராமரிப்பு வரை அதைக் கொண்டே கணக்கிடப்படும். தாத்தா காலத்தில் நான்காக இருந்த புள்ளி பேரன் காலத்தில் நாற்பதாகி, ஒருவர் கோலாலம்பூரிலும் ஒருவர் கோயம்புத்தூரிலும் இருக்க, ஓட்டை மாற்றுவதற்கே அத்தனை பேரும் ஒப்ப வேண்டிய நிலையில், பெட்டிக்குள் ஒற்றைக் காகிதம் வைத்துச் சாவது ஆகாத காரியம். போதாக்குறைக்கு, பத்மாவின் பெண்களுக்கு அது தாய்வழிப் பாட்டன் வீடு, அதாவது ஆயா வீடு. அங்கு அவர்களுக்கு விடுமுறையும் பலகாரமும் உண்டே தவிரப் பாத்தியம் கிடையாது. மகளுக்கு உரியது வாழ்நாள் முழுவதும் தொடரும் சீர், வீடு அன்று.

பாட்டுக் கட்சியில் சட்டம் படித்தவர்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றனர். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி 1989 மார்ச் 25 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு உண்டு. ஆனால் அந்நாளுக்கு முன் மணமான மகளுக்கு அத்திருத்தம் பொருந்தாது. 2000-இல் வேலைக்குப் போகும் வயதில் மகளை வைத்திருக்கும் பத்மா 1989-க்குப் பின் மணந்திருக்க வழியே இல்லை. அந்த விலக்கைத் தள்ளிய மைய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல்தான் நடைமுறைக்கு வந்தது. படத்தை ஐந்தரை ஆண்டுகள் தள்ளி வெளியிட்டிருந்தால் குடும்பம் சென்னைக்குப் போயிருக்காது, வழக்கு மன்றத்துக்குப் போயிருக்கும். அப்போது இளையவள் பின்னணிப் பாடகியாகியிருக்க மாட்டாள் என்பதால், இசை வரலாற்றில் ஒரு சட்டத் தாமதத்தின் பங்கு இன்னும் சரியாக மதிப்பிடப்படவில்லை எனலாம். ஆஸ்டின் இவ்வளவு மெனக்கெடவில்லை. முதல் இரண்டு அத்தியாயங்களுக்குள் வீட்டை மூத்த தாரத்து மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் காதலுக்குப் போய்விடுகிறார்.

அப்பாஸ் நடித்த ஸ்ரீகாந்த் பாத்திரத்தைப் பற்றி மட்டும் இரு கட்சியாரும் ஒத்துப்போகின்றனர், காரணம் வேறுவேறாக இருப்பினும். கவிதை பேசி மீனாட்சியின் மனத்தைக் கவர்ந்தவன், தன் நிதி நிறுவனம் நொடித்தவுடன் பணக்கார இடத்தில் பெண்ணெடுக்கத் துணிகிறான். பாட்டுக் கட்சியாருக்கு அவன் காதலைக் கைவிட்டவன். வீட்டுக் கட்சியாருக்கு அவன் ஐந்தொகை பார்க்காதவன். ஐந்தொகை என்பது வரவு, செலவு, பற்று, கொடுக்கல் அனைத்தையும் நேர்படுத்திக் காட்டும் பழைய கணக்கு முறை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்த கானாடுகாத்தான் மு. சித. மு. சிதம்பரம் செட்டியாரின் மண்ணில், வைப்புத் தொகை வாங்கித் திருப்பித் தராத ஒருவன் கவிதை தெரிந்தவன் என்பதற்காக மன்னிக்கப்படுவான் என எதிர்பார்க்க இயலாது. 1990-களில் தமிழ்நாட்டு நிதி நிறுவனங்கள் பல மூழ்கி, வைப்பாளர் நலன் காக்க 1997-இல் தனிச் சட்டமே வந்திருந்த நேரம் அது. அந்நாளையப் பார்வையாளர் அவனைப் பார்த்த பார்வையில் காதல் தோல்வியின் வருத்தத்தைவிட ரசீதை எங்கே வைத்தோம் என்ற கவலையே மிகுந்திருந்திருக்கும்.

கால் ஒன்றை இழந்த முன்னாள் இராணுவ மேஜருக்கே மீனாட்சி உரியவள் என்னும் முடிவு எல்லா ஊர்களிலும் சண்டை மூட்டக்கூடியது. மம்மூட்டி 1951-இலும் ஐஸ்வர்யா ராய் 1973-இலும் பிறந்தவர்கள் என்பதைச் சுட்டுவோர் உண்டு. நாவலிலும் 35 வயதுக் கர்னல் பிராண்டனைக் கிழவராகக் கருதும் மேரியான், அதாவது மீனாட்சியின் மூலப் பாத்திரம், அவர் ஃபிளானல் உட்சட்டை அணிவதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறாள். வீட்டுக் கட்சியார் வயதைப் பொருட்படுத்துவதில்லை. பையன் எந்தக் கோயில் என்பதே அவர்கள் வினா. நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சேர்ந்தவர்கள். பொதுவாக ஒரே கோயிலார் பங்காளிகள், அதாவது உடன்பிறந்தார் முறை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனிக்கோயில்களாயினும் தமக்குள் மணம் செய்துகொள்வதில்லை. இவ்விவரத்தைத் தராமல் ஒரு காதல் கதையை இரண்டரை மணி நேரம் நடத்துவது, முகவரி எழுதாமல் தபால் போடுவதை ஒக்கும் என்று அவர்கள் கருதுகின்றனர்.

வழக்கைத் தீர்க்க ஊரில் ஆளில்லை என்று சொல்ல முடியாது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா மேடையில் பட்டிமண்டபம் வளர்ந்த ஊர் காரைக்குடி. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்து தீர்ப்புரைத்த மரபு அதற்கு உண்டு. ஆயினும் வீட்டு வழக்கில் நடுவராக அமர்பவருக்கு அப்படி ஒரு வீட்டில் பங்கு இருக்கக் கூடாது. இந்நிபந்தனையை விதித்தால் உள்ளூர்ப் பெரியவர் பலருக்கு மேடையில் இடமில்லாமல் போகிறது.

எஞ்சுவது வெளிநாட்டுப் பாட்டுக் காட்சிகள். தலைப்புப் பாடல் ஸ்காட்லாந்தின் எய்லன் டோனன் கோட்டையில் எடுக்கப்பட்டது. அதன் தொன்மையில் பாட்டுக் கட்சியார் மயங்குவர். 1719-இல் தகர்க்கப்பட்ட அக்கோட்டை 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டு 1932-இல்தான் நிறைவுற்றது என்பதையும், கானாடுகாத்தான் அரண்மனை 1912-லேயே கட்டி முடிக்கப்பட்டது என்பதையும் வீட்டுக் கட்சியார் அவர்களுக்கு நினைவூட்டுவர். புது வீட்டைப் பார்க்க இவ்வளவு செலவா என்றும் கேட்பர். சங்கர் மகாதேவனுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த ‘என்ன சொல்லப் போகிறாய்’ பாடலுக்காகப் படக்குழு எகிப்துக்குப் போயிருக்கிறது. அந்நாட்டின் பேர்பெற்ற பிரமிடைப் பற்றிக் கேட்டால், வளவு இல்லை, காற்றோட்டம் போதாது, பெண்கள் புழங்கத் தனி வழி கிடையாது என்று வீட்டுக் கட்சியார் குறை சொல்வர். ஆயினும் நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக ஒரே பெயரில், பங்காளி எவரும் பாகம் கேட்டு வராமல் நிற்கும் வீடு உலகிலேயே அதுதான் என்பதை அவர்களும் மறுப்பதில்லை.