ஓஹாரா விழுந்ததும் விளக்கு போடலாமா? ஓர் இடைவேளை ஆய்வு

‘என்டர் தி டிராகன்’ (1973) பற்றி உலகெங்கும் எழுதியவர்கள் புரூஸ் லீயின் உதையை அளந்தார்கள். கண்ணாடி அறைச் சண்டையைப் புகழ்ந்தார்கள். லாலோ ஷிஃப்ரினின் இசையைக்கூட விடவில்லை. இடைவேளையை எங்கே விடுவது என்ற அடிப்படைக் கேள்வியை மட்டும் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. இயக்குநர் ராபர்ட் கிளவுஸ் இடைவேளையே வைக்கவில்லையே என்பது சமாதானம் ஆகாது. சேலம், நாமக்கல் சமவெளியில் இடைவேளை இல்லாமல் ஓடுவதற்குப் பெயர் நியூஸ் ரீல். ஆகவே அந்தப் படத்தை நமக்கு முடித்துக் கொடுத்தவர் ஹாலிவுட்காரரும் அல்லர், ஹாங்காங்காரரும் அல்லர். புரொஜக்டர் அறையில் முண்டா பனியனோடு வியர்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஏறக்குறைய 100 நிமிடப் படம் என்றால் 9,000 அடி. 2,000 அடி ரீலாகச் சுற்றினால் ஐந்து ரீல். ஐந்தைச் சரிபாதியாக்க யாராலும் ஆகாது. இரண்டாவது ரீல் முடிவில் நிறுத்தினால் “அதுக்குள்ளயா?” என்று பெஞ்சு டிக்கெட் கொதிக்கும். மூன்றாவது வரை இழுத்தால், வாசலில் தட்டுவடை செட் அடுக்கி வைத்தவர் கொதிப்பார், செட் நமுத்துப்போகும். இந்த இக்கட்டில் ஆபரேட்டருக்குக் கைகொடுப்பது கதை. லீயின் தங்கை சூ லினின் சாவுக்குக் காரணமான ஓஹாரா, படத்தின் நடுப்பகுதியில் லீயிடம் அடிபட்டுச் சாகிறான். ‘பாசமலர்’ (1961) பார்த்து அழுத ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தங்கைக்கான பழி தீர்ந்தது, முதல் பாதி தீர்ந்தது. மிச்சமிருப்பது வில்லன் ஹானின் போதைப்பொருள் தொழிலைப் பிடித்துக் கொடுக்கும் சர்க்கார் வேலை. அது காபி குடித்துவிட்டு வந்து பார்க்கத் தக்கது.

ஆங்கிலம் தெரியாத கூட்டத்துக்குத் தங்கை விவகாரம் எப்படி விளங்கியிருக்கும் என்று கேட்பார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரிகுமாரி’யை (1950) டி.ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர். தமிழ் தெரியாமல் சேலத்தில் தமிழ்ப் படம் எடுக்கலாம் என்றால், ஆங்கிலம் தெரியாமல் சேலத்தில் ஆங்கிலப் படம் பார்க்கலாம். எடுப்பதைவிடப் பார்ப்பது எளிது என்பதை எதிர்த்தரப்பும் ஒப்பும்.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கனமானது. ஒற்றை புரொஜக்டர் வைத்த டூரிங் டாக்கீஸில் ரீலுக்கு ரீல் படம் நிற்கும். ஐந்து ரீலுக்கு நான்கு நிறுத்தம். இதில் இடைவேளை எது? கடலை முறுக்குக்காரர் தட்டோடு உள்ளே வந்தால் இடைவேளை. வராவிட்டால் அது வெறும் ரீல் மாற்றம், எவ்வளவு நேரம் நின்றாலும் சரி.

இப்போது ரீல் போய் ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டதே, இந்த ஆராய்ச்சி எதற்கு என்பார் சிலர். இப்போதுதான் அவசியம். வெளிநாட்டுப் படங்களில் ஒருவர் வாய் திறந்து பாதி வசனம் பேசும்போதே விளக்கு எரிகிறது. நேரத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள், தங்கையைப் பார்த்து அல்ல. ‘36 சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ (1978) படத்துக்கு எந்த அறையில் விளக்கு போடுவது என்பது தனி ஆய்வுக்குரியது. அதில் நாயகன் அறை அறையாகப் பயிற்சி முடித்துக்கொண்டே போகிறான். பழிவாங்கல் பின்னால்தான் வருகிறது. எந்த அறையானாலும் சம்மதம் என்றுதான் கேன்டீன் தரப்பு சொல்லும். அதைச் சான்றாக ஏற்பதற்கில்லை.