வண்டிப்பேட்டைப் புராணம்

வீட்டு வாசலில் கிடக்கும் தெரு வீட்டுக்காரனுக்கே சொந்தம் என்பது நம் ஊர்களில் எழுதாச் சட்டம். சிலர் எழுதியும் வைத்திருக்கிறார்கள்: 'இங்கு வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்.' முசிறியானாலும் ஸ்ரீரங்கமானாலும் கேட்டுக்குக் கேட்டு இந்த அரசாணை தொங்கும். தீர்மான எண் கிடையாது, தேதி கிடையாது, தலைவர் கையொப்பம் கிடையாது. ஆனாலும் நகராட்சி அறிவிப்பைவிட இதற்குத்தான் ஜனங்கள் பயப்படுகிறார்கள். நகராட்சி அபராதம் போட்டால் வார்டு கவுன்சிலரைப் பிடித்துப் பேசிக்கொள்ளலாம். வால்வு டியூபைப் பிடுங்கியவரிடம் எந்தக் கவுன்சிலர் பேசுவார்?

தெரு யாருக்குச் சொந்தம் என்ற விஷயத்தில் சரித்திரத்திலேயே கறாரான ஆசாமி அசிரிய அரசன் சனகெரிப். கிறிஸ்துவுக்கு ஏழு நூற்றாண்டு முன்பு நினிவே நகரத்தில் ராஜபாட்டையை அகலப்படுத்தினான். அதன்மேல் எவனாவது வீட்டை இழுத்துக் கட்டினால், அந்த வீட்டின் மேலேயே அவனைக் கழுவேற்றும்படி கல்லில் வெட்டி வைத்தான். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் அது. கழுமரத்துக்கு ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்க முடியாது.

ஜூலியஸ் சீசர் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். கி.மு. 45 வாக்கில் வந்த சட்டப்படி, ரோம் நகரத்துக்குள் பகலில் வண்டிகள் ஓடக் கூடாது. கோயில் கட்டும் சாமான், பூசாரிணிகள், வெற்றி ஊர்வலம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆக, வி.ஐ.பி. பாஸுக்கு இரண்டாயிரம் வயசு. பகலில் நின்றிருந்த வண்டியெல்லாம் ராத்திரியில் கடகடத்ததில் ஊருக்கே தூக்கம் போனது. பிற்பாடு ஜுவெனல் என்ற கவிஞர் அதைப் பாட்டாகவே பாடிப் புலம்பினார்.

அதே ரோமானியரின் கப்பல்கள் மிளகு வாங்க முசிறிக்கு வந்தன. அவசரப்படாதீர்கள், அது சேரநாட்டு முசிறி. எங்களுடையது காவிரிக்கரை முசிறி. இங்கே கப்பல் வந்தால் மணலில்தான் நிற்கும். அந்த முசிறியைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியதைப் படித்தால் பார்க்கிங் புகார் மாதிரியே இருக்கிறது: பக்கத்தில் கொள்ளையர் தொல்லை, கப்பலை நிறுத்தும் இடமோ கரையிலிருந்து வெகுதூரம், சரக்கை ஏற்ற இறக்கத் தனியாகப் படகு பிடிக்க வேண்டும். திருச்சி தில்லைநகரில் துணிக்கடைக்குப் போய், காரை எங்கோ நிறுத்திவிட்டு ஆட்டோவில் திரும்பி வந்தவர்களுக்கு பிளினியின் வயிற்றெரிச்சல் புரியும்.

நம்முடைய சொந்தச் சரக்கு வண்டிப்பேட்டை. காவிரிக்கரைக் கோரையும் வாழைத்தாரும் மாட்டுவண்டியில் வந்த காலத்தில், மாட்டை அவிழ்த்துக் கட்டவும் வண்டியைச் சாய்த்து நிறுத்தவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதைக் கையில் எடுத்தது. நகராட்சி பேட்டை அமைக்கலாம், கட்டணம் வாங்கலாம், பேட்டைக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் தெருவோரத்தில் நிறுத்துவதைத் தடுக்கலாம், தனியார் பேட்டைக்கு லைசென்ஸ் கேட்கலாம். தூரம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் வண்டிக்காரர் சும்மா இருப்பாரா? எல்லைக்கு ஒரு முழம் தள்ளிப் புளியமரத்தடியில் மாட்டை அவிழ்ப்பார். குத்தகை எடுத்தவர் சீட்டுப் புத்தகத்தோடு அந்த ஒரு முழத்துக்காகச் சண்டை பிடிப்பார். சட்டம் இன்னொரு வேலையும் செய்தது: வண்டிப்பேட்டை என்றால் மோட்டார் வாகனம் நிற்கும் இடமும் அடக்கம் என்று விளக்கம் சேர்த்து, காளையையும் பஸ்ஸையும் ஒரே தொழுவத்தில் கட்டியது. 2023இல் புதிய நகர்ப்புறச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இந்த ஏற்பாடுதான்.

சைக்கிளையும் விடவில்லை. அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் வரி கட்டினால், வருஷம் பொறித்த தகரப் பில்லை ஒன்று கொடுப்பார்கள். அதை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பஞ்சாயத்து ஆள் முச்சந்தியில் நிற்பது தெரிந்தால் பில்லையில்லாதவர் இறங்கி உருட்டிக்கொண்டு போவார். ஓட்டினால்தானே வரி, உருட்டினால் ஏது என்பது அவருடைய வாதம். உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டிய நுட்பம், கீழ்ச்சந்தோடு முடிந்துபோனது. ஸ்ரீரங்கத்தில் மட்டும் பில்லை இல்லாமலேயே நிரந்தர இடம் வைத்திருக்கும் வாகனம் ஒன்று உண்டு. பெருமாளுடைய தேர், நிலைக்கு வந்துவிட்டால் அடுத்த திருவிழா வரை அசையாது. அதன் காற்றைப் பிடுங்கவும் வழியில்லை.

தெருவாசிக்கு மட்டும் பர்மிட் என்ற நவீன யோசனை, அமெரிக்காவில் ஆர்லிங்டன் என்ற ஊரில் வழக்காகி, வெளியூர்க்காரனைத் தடுப்பது தப்பில்லை என்று 1977இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பக்கத்தில் பெங்களூரு 2021இல் அதைப் பிடித்துக்கொண்டது. சொந்த வீட்டு முன்னால் தெருவில் நிறுத்த ஆண்டுக்குச் சின்னக் காருக்கு 1,000 ரூபாய், பெரிய காருக்கு 5,000 என்று பார்க்கிங் கொள்கையில் போட்டார்கள். சாலை வரி கட்டியது எதற்கு என்று ஊரே கத்தியது. கொள்கை கோப்பிலேயே பார்க் ஆனது.

எங்கள் முசிறி 2021இல்தான் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. கவுன்சில் இருக்கிறது, கார்கள் இருக்கின்றன, இந்தப் பர்மிட் யோசனை வர எவ்வளவு நேரம்? வந்தால் ஒன்றை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். 2008 வாக்கில் இதே ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் சாலியர் தெருவில் சூழல் கழிப்பறை நடத்தியது. ஊரெல்லாம் கழிப்பறைக்குள் போகக் காசு வாங்கிய காலத்தில், இங்கே போனவருக்குத் தலா பத்துப் பைசா கொடுத்தார்கள். சிறுநீர் வாழைக்கு உரமாயிற்று. உலகப் பத்திரிகைகள் ஓடிவந்து எழுதின.

ஆகவே கவுன்சிலர் பெருமக்களே, நம் ஊர் வழக்கத்தை மாற்றாதீர்கள். காரைத் தெருவில் விடாமல் வீட்டுக்குள் ஏற்றி நிறுத்துகிறவருக்கு நாளுக்குப் பத்துப் பைசா வீதம் நகராட்சி கொடுக்கட்டும். தீர்மானத்தை வழிமொழிய நாங்கள் தயார்.