பேராண்டிக்குப் பெரட்டுப் புத்திமதி

வா பேராண்டி, உக்காரு. கொழும்புல கம்ப்யூட்டர் படிச்சிட்டு நம்ம வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்துக்குச் சம்பளப் புரோகிராம் எழுதுறியாம்ல? வேலைக்கு வந்தவுக பேரைச் செக்ரோல்ல எழுதியே முதுகு கூனுன கெழவன் சொல்றேன். கேக்காட்டியும் பரவாயில்ல, ஊருக்கு வேடிக்கை கெடைக்கும்.

முதல்ல, பேருக்கு 20 பைட்டு போதும்னு விட்டுரு. எழுத்துக்கு ஒரு பைட்டுங்கிறது தொரைமார் பாஷைக் கணக்கு. நம்ம 'வெலிமடை' கண்ணுக்கு 4 எழுத்து. யுனிகோடுக்கு வ, கொம்பு, ல, மேல்விலங்கு, ம, ட, இணைக்கொம்புன்னு 7 குறி. யூடிஎஃப்-8ல குறிக்கு 3 பைட்டு, ஆக 21. அந்த ஒத்தப் பைட்டுக்காக மெசின் கடைசிக் கொம்பை முறிச்சு, கறுப்புக் கட்டத்துல கேள்விக்குறியை நட்டு வச்சிரும். கொழுந்து நிறுக்கையில சாக்குக்கும் தண்ணிக்கும்னு கழிச்சவுக கூட இவ்வளவு துல்லியமாக் கழிச்சதில்ல!

அடுத்தது, பழைய பாமினி ஃபொண்டுல அடிச்ச பேர்ப் பட்டியலை, ஃபொண்டை மட்டும் மாத்தி ஏத்திரு. மாத்தி எழுதுற கருவியெல்லாம் எதுக்கு? பாமினியில 'அம்மா'ன்னு தெரியிறது, உள்ளுக்குள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, எச். சம்பளத் துண்டுல பெத்தவ அப்படியே வந்து நிப்பா.

அப்புறம் நம்ம கோவிந்தன். 'கோ'வுல 'ஓ'காரக் குறியை ஒரே குறியாவும் வைக்கலாம், கொம்பும் காலுமா ரெண்டாவும் வைக்கலாம். பாக்க ஒண்ணுதான், மெசினுக்கு ரெண்டு ஆளு. யுனிகோடோட என்எஃப்சி முறையைப் போட்டு ஒரே வடிவமாக்காம விட்டா, ஒரு கோவிந்தன் கொழுந்து பறிப்பான், இன்னொருத்தன் சம்பளம் வாங்குவான். தோட்டத்துக்கு அது புதுசும் இல்ல.

சம்பளம் வந்துச்சுன்னு எஸ்எம்எஸ் அனுப்புறியா? இங்கிலீசுன்னா 160 எழுத்து. தமிழ் ஒரு குறி கலந்தாலும் 70 தான். புகழுரையைக் குறைச்சுட்டுத் தொகையைப் போடு.

எழுத்துக்கு இடமில்லன்னு மட்டும் சொல்லாத. 1991லயே யுனிகோடு முதல் பதிப்புல தமிழுக்கு 128 இடம் ஒதுக்கிட்டாங்கப்பா. இன்னும் நெறையாமத்தான் கெடக்கு. தோட்டத்து லய வீட்டுல இருக்கிற நமக்குக் காணி ஒதுக்கத்தான் யோசனை முடியல.

வேடிக்கை போகட்டும், ஃபைலைத் தொறக்கையில யூடிஎஃப்-8ன்னு வாய்விட்டுச் சொல்லித் தொற. பேரை நறுக்கணும்னா எழுத்து எல்லை பாத்து நறுக்கு. 'டெஸ்ட்'ன்னு இங்கிலீசுல அடிச்சுச் சோதிக்காம, காலையில வேலைக்குப் பெரட்டுல நிக்கிற சனம் பேரை அடிச்சுப் பாரு. இல்லாட்டி, சம்பள நாளன்னிக்குக் கேள்விக்குறி வாங்குனவுக ஆபீசு வாசல்ல வந்து நிப்பாக. யாரு பேரன்டா நீன்னு கேட்டா, என் பேரை மட்டும் சொல்லிப்புடாத.