ஓடுதல்லங்க?

கோவை குறிச்சி சிட்கோ பக்கமோ கணபதி பக்கமோ ஒரு பம்ப்செட் கம்பெனிக்குள் நுழைந்தால் இவரைப் பார்த்துவிடலாம். முதலாளி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மேசையில் சதுர மானிட்டர். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சிபியூ நெற்றியில் அப்படியே இருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் மூன்று காப்பி பில்லைக் கறகறவென்று இழுத்துக்கொண்டிருக்கும். புதுசு வாங்கலாமே என்று யார் வாயெடுத்தாலும் ஒரே பதில்தான்: "இது ஓடுதல்லங்க?"

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். லட்சக்கணக்கில் சிஎன்சி மெஷின் வாங்கும்போது கண் இமைக்காதவர். "இரும்பு தேயுமுங்க, மாத்தியே ஆகோணும். சாப்ட்வேர் எங்கீங்க தேயுது?" என்று கேட்பார். டை கட்டிக்கொண்டு வந்த விற்பனைப் பிரதிநிதிகள் இந்த இடத்தில்தான் தண்ணீர் கேட்பார்கள்.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாப்ட் கைகழுவியபோதும் இவர் அதை விடவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே உலுக்கியதும் மகன் பதறிப்போய் போன் செய்தான். மைக்ரோசாப்டும் பதறித்தான் எக்ஸ்பிக்கே ஒரு அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. அப்பாவோ, "பாத்தியா, அவங்களாலயே அதை விட முடியல" என்று போனை வைத்துவிட்டார்.

துரதிருஷ்டம் என்னவென்றால், காலம் அடிக்கடி இவர் பக்கமே சாய்கிறது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டில் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இவர் அன்றைக்கு வழக்கம்போல பில் போட்டார். அந்த மென்பொருள் இவரிடம் இல்லை, வேறெதுவும்கூட இல்லை.

விஎம்வேர் என்ற மென்பொருள் கம்பெனியை பிராட்காம் வாங்கியதும் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தாவாக மாற்றிவிட்ட கதையை மகன் சொன்னபோது இவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டும். "வருசா வருசம், மாசா மாசம்னு கட்டச் சொல்றானா? ஊட்டுக் கரண்ட் பில்லே ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான்டா."

2025 கடைசியில் ரேம் விலை ஏறியது இன்னொரு வெற்றி. ஏஐ சர்வர்களுக்குச் சரக்குப் போதவில்லை என்று மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரான் தன்னுடைய குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. செத்துப்போன கணினிகளிலிருந்து கழற்றி டிராயரில் போட்டிருந்த பழைய ரேம்களை அன்றிலிருந்து இவர் பூட்டி வைக்கிறார். சாவி அரைஞாண் கயிற்றில்.

நியாயம் பாதிதான். கம்பெனியின் இருபது வருடக் கணக்குக்கு பேக்கப் என்பது ஒரே ஒரு பென் டிரைவ். அது பூஜையறையில் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ரான்சம்வேர் கும்பல் ஒன்று உள்ளே புகுந்தால், முருகன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பில் கேட்ஸ் கம்பெனியால் முடியாததைச் செய்தது ஜிஎஸ்டி. 2017 ஜூலையில் அது வந்ததும் பழைய டேலியில் பில் போட வழியில்லாமல் எக்ஸ்பி பெட்டியை மூடி, புதுக் கணினி வாங்கினார். 2023 ஆகஸ்டில் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானதும் இன்டர்நெட் வேகத்தையும் கூட்டினார். வாய் திறந்து ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அந்த 2017 கணினியில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கம்பெனிகள் மேற்கொண்டு பாதுகாப்புத் திருத்தம் பெற வேண்டுமானால் முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் அது இரட்டிப்பாகும் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். அவர் கணினியை ஒருமுறை பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இவருக்குக் கணினி விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏஐ, கிளவுட் என்று பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20-ஆம் தேதி. எந்த மாதம் போர்டல் இந்தப் பழைய கணினியில் திறக்க மறுக்கிறதோ, அந்த மாதம் 19-ஆம் தேதி சாயங்காலம் போங்கள். பேரம்கூடப் பேச மாட்டார்.